எட்டு, ஒன்பது, பத்து: நாடுகளின் நிதி விதிகள் எப்படி ஒத்துப்போகின்றன?

வங்கிகளுக்கான பாசல் என்னும் சர்வதேச விதிப்படி ஒரு வங்கி, தான் ஏற்கும் இடருக்கு ஈடாகக் குறைந்தது 8 விழுக்காடு மூலதனம், அதாவது நட்டம் வந்தால் தாங்கும் சொந்தப் பணம், வைத்திருக்க வேண்டும். இந்திய ரிசர்வ் வங்கி 9 கேட்கிறது. சிங்கப்பூர் நாணய ஆணையம், இங்கே பதிவான வங்கிகளிடம் 10 கேட்கிறது. இரு நாடுகளும் பாசலைப் பின்பற்றுவதாகவே சொல்கின்றன. அதில் பொய் ஏதும் இல்லை. நாடுகளுக்கிடையே நிதி விதிகளை ஒத்திசைப்பது என்றால் எல்லாரும் ஒரே எண்ணை எழுதிவைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது, இதற்குக் கீழே இறங்கக்கூடாது என்று ஓர் எல்லையை ஒப்புக்கொள்வது மட்டும்தான். அதற்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம்.

அந்த எல்லையை வகுக்க உலக நாடாளுமன்றம் எதுவும் கிடையாது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் கூடும் வங்கி மேற்பார்வைக் குழு வங்கிகளுக்கான தரநிலையை எழுதுகிறது. இந்தியாவும் சிங்கப்பூரும் 2009-இல்தான் அதில் உறுப்பினராயின. பங்குச் சந்தைகளுக்கு ஐஓஸ்கோ, காப்புறுதிக்கு ஐஏஐஎஸ், கள்ளப்பணத் தடுப்புக்கு எஃப்ஏடிஎஃப் என்று தனித்தனி அமைப்புகள் உண்டு. 2009-இல் ஜி20 நாடுகள் ஏற்படுத்திய நிதி நிலைத்தன்மை வாரியம் இவற்றின் வேலையை ஒருங்கிணைக்கிறது. ஆனால் இவை வெளியிடும் எந்த ஆவணத்துக்கும் தன்னளவில் சட்ட பலம் இல்லை.

பாசலில் எழுதியது சிங்கப்பூரில் செல்லுபடியாக வேண்டுமென்றால், நாணய ஆணையம் முதலில் கருத்துக் கேட்பு அறிக்கை வெளியிடும், வங்கிகளின் பதில்களை வாங்கும், பிறகு தன் அதிகாரத்தின் கீழ் அறிவிக்கையாகப் பிறப்பிக்கும். மூலதன விதிகளுக்கு அந்த அறிவிக்கையின் எண் 637. இந்தியாவில் அதே விதி ரிசர்வ் வங்கியின் உத்தரவாக வரும், ஐரோப்பாவில் ஒன்றியச் சட்டமாக வரும். இப்படி ஒவ்வொரு நாட்டிலும் மறுபடி எழுதும்போதுதான் வேறுபாடுகள் நுழைகின்றன. சில வேறுபாடுகள் வேண்டுமென்றே வைக்கப்படுபவை. சில, உள்ளூர் வங்கிகளின் நெருக்குதலால் வருபவை.

சட்டக் கட்டாயம் இல்லாதபோது ஏன் பின்பற்றுகிறார்கள்? ஒருவரை ஒருவர் சோதித்து மதிப்பெண் போடுவதால்தான். பாசல் குழு ஒவ்வொரு உறுப்பு நாட்டின் விதிகளையும் வரிவரியாக ஒப்பிட்டு நான்கு தரங்களில் ஒன்றைத் தருகிறது. 2013-இல் சிங்கப்பூருக்கு முழுமையாக ஒத்துப்போகிறது என்ற முதல் தரம் கிடைத்தது. 2014-இல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு மூன்றாவது தரம், அதாவது முக்கியமான இடங்களில் ஒத்துப்போகவில்லை என்ற தீர்ப்பு. அதற்கு அபராதம் கிடையாது. எஃப்ஏடிஎஃப் விஷயம் வேறு. குறைபாடுள்ள நாடுகளைக் குறிக்கும் அதன் சாம்பல் பட்டியலில் ஒரு நாடு ஏறினால், அந்நாட்டு வங்கியிலிருந்து வரும் ஒவ்வொரு பரிவர்த்தனையையும் மற்ற நாட்டு வங்கிகள் கூர்ந்து பார்க்கத் தொடங்கும். சில வங்கிகள் உறவையே முறித்துக்கொள்ளும். மியன்மார் 2022 அக்டோபரில் அதைவிடக் கடுமையான கறுப்புப் பட்டியலுக்கே போனது.

ஒருங்கிணைப்பு இல்லாத காலம்

1974 ஜூன் 26 அன்று மேற்கு ஜெர்மனியின் ஹெர்ஸ்டாட் வங்கியை அந்நாட்டு அதிகாரிகள் வேலைநாள் முடிவில் மூடினார்கள். நியூயார்க்கில் அப்போது காலைப்பொழுது. அந்த வங்கியுடன் அந்நியச் செலாவணி வியாபாரம் செய்த மற்ற வங்கிகள் ஜெர்மன் மார்க்கை ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தன. பதிலுக்கு வரவேண்டிய டாலர் வரவே இல்லை. ஒரு நாட்டு அதிகாரி தன் கடிகாரத்தைப் பார்த்து எடுத்த முடிவு இன்னொரு கண்டத்தில் நட்டமாக விழுந்தது. அந்த ஆண்டின் இறுதியில்தான் பாசல் குழு பிறந்தது.

சிங்கப்பூருக்கு இந்தப் பாடம் 1995-இல் நேரடியாகவே கிடைத்தது. பிரிட்டனின் பேரிங்ஸ் வங்கிக்கு இங்கே ஒரு துணை நிறுவனம். அதன் வணிகர் நிக் லீசன் ஜப்பானின் நிக்கேய் பங்குக் குறியீட்டின் மீது சிங்கப்பூரின் சைமெக்ஸ் சந்தையிலும் ஒசாகா சந்தையிலும் ஒப்பந்தங்கள் வாங்கினார். ஒன்றில் வாங்கி மற்றதில் விற்று விலை வித்தியாசத்தில் லாபம் பார்ப்பதாகத் தலைமையகம் நம்பியது. உண்மையில் இரண்டு இடத்திலும் அவர் ஒரே திசையில் பந்தயம் கட்டியிருந்தார். சைமெக்ஸுக்குத் தெரிந்தது சைமெக்ஸ் கணக்கு. ஒசாகாவுக்குத் தெரிந்தது ஒசாகா கணக்கு. முழு வங்கியையும் மேற்பார்வையிட வேண்டிய பிரிட்டிஷ் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கி லண்டனில் இருந்தது. 1995 ஜனவரியில் சைமெக்ஸ் கேள்வி கேட்டுக் கடிதம் எழுதியும், இரு சந்தைகளின் கணக்கையும் சேர்த்துப் பார்க்க எவரிடமும் ஏற்பாடு இல்லை. நட்டம் 827 மில்லியன் பவுண்டு. 200 ஆண்டுக்கு மேல் பழமையான அந்த வங்கியை ஐஎன்ஜி ஒரு பவுண்டுக்கு வாங்கியது. அதே ஆண்டு மே மாதம் 16 நாடுகளின் கட்டுப்பாட்டாளர்கள் இங்கிலாந்தின் வின்ட்சரில் கூடி, ஒருவர் கையிலுள்ள பெரிய ஒப்பந்தங்களைப் பற்றிய தகவலைச் சந்தைகள் பகிர்ந்துகொள்வதென உடன்பட்டார்கள்.

இந்தப் பேரழிவில் குறைவாக இருந்தது விதிகள் அல்ல, தகவல். ஒத்திசைவு என்றதும் எல்லாரும் விதிகளின் வாசகத்தைப் பற்றியே பேசுகிறார்கள். அதைவிடப் பயனுள்ளது, ஒரு நாட்டு அதிகாரி இன்னொரு நாட்டு அதிகாரியிடம் சட்டப்படி எதைக் கேட்கலாம், எத்தனை நாளில் பதில் வரும் என்ற ஒப்பந்தம்.

எட்டு விழுக்காடு, ஆனால் எதில்?

மூலதன விகிதத்தை ஒரு பின்னமாகப் பார்க்கும்போது மேலே உள்ள எண்ணைவிடக் கீழே உள்ள எண்ணைக் கவனிக்க வேண்டும். 8 விழுக்காடு என்பது வங்கி கொடுத்த மொத்தக் கடனில் அல்ல, ஒவ்வொரு கடனுக்கும் அதன் ஆபத்துக்கேற்ப இடர் எடை போட்ட பிறகு வரும் தொகையில்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தரமதிப்பீடு இல்லாத ஒரு நிறுவனத்துக்கு 100 மில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கடன். பொதுவாக எடை 100 விழுக்காடு. எனவே 8 விழுக்காட்டில் தேவையான மூலதனம் 8 மில்லியன், சிங்கப்பூரின் 10 விழுக்காட்டில் 10 மில்லியன். அதே 100 மில்லியனை வீட்டுக் கடனாகக் கொடுத்தால், கடன் வீட்டு மதிப்பில் 60 முதல் 80 விழுக்காட்டுக்குள் இருக்கும்போது பாசலின் புதிய அட்டவணைப்படி எடை 30. இப்போது தேவை 2.4 மில்லியன் அல்லது 3 மில்லியன் மட்டுமே. சொந்த நாட்டு அரசின் கடன்பத்திரத்தை உள்நாட்டு நாணயத்தில் வாங்கினால் எடையைச் சுழியமாக வைத்துக்கொள்ளவும் நாடுகளுக்கு அனுமதி உண்டு. ஒரு நாட்டின் கட்டுப்பாட்டாளர் எட்டை ஒன்பதாக்கினாரா பத்தாக்கினாரா என்பதைவிட, எந்தக் கடனுக்கு என்ன எடை கொடுத்தார் என்பது பல மடங்கு பெரிய விஷயம்.

(எட்டும் முழுக் கதை அல்ல. அதன் மேல் 2.5 விழுக்காடு பாதுகாப்பு அடுக்கு உண்டு. அதையும் கூட்டினால் பாசல் 10.5, இந்தியா 11.5, சிங்கப்பூர் 12.5.)

பெரிய வங்கிகள் எடையைத் தாங்களே கணக்கிட, மேற்பார்வையாளரின் ஒப்புதலுடன் தங்கள் சொந்தக் கணித மாதிரிகளைப் பயன்படுத்தலாம். வம்பு இங்கேதான். 2013-இல் பாசல் குழு, 32 பெரிய வங்கிகளிடம் ஒரே கடன் தொகுப்பைக் கொடுத்து எடை போடச் சொன்னது. ஒரே கடன், ஒரே விதி. ஆனால் 10 விழுக்காடு என்று காட்டவேண்டிய விகிதம், சில வங்கிகளின் மாதிரியில் இரண்டு புள்ளி வரை கூடியோ குறைந்தோ வந்தது. விதிப் புத்தகம் ஒன்றாக இருந்தும் விடை ஒன்றாக இல்லை.

இதற்குத் தீர்வாகத்தான் 2017-இல் ஒரு கீழ் வரம்பைக் கொண்டுவந்தார்கள். வங்கியின் சொந்த மாதிரி தரும் மொத்தம், பொது அட்டவணை தரும் மொத்தத்தில் 72.5 விழுக்காட்டுக்குக் கீழே போகக்கூடாது. அட்டவணைப்படி 100, மாதிரிப்படி 60 என்றால் வங்கி 72.5 என்றே கணக்கில் எடுக்க வேண்டும்.

நல்ல தீர்வுதான். ஆனால் எல்லா நாட்டிலும் ஒரே நாளில் அமலானால்தான் அதற்குப் பொருள் உண்டு. குழு குறித்த தேதி 2022 ஜனவரி 1. கோவிட் காரணமாக அது ஓராண்டு தள்ளிப்போனது. சிங்கப்பூர் 2024 ஜூலை 1 அன்று தொடங்கியது. 50 விழுக்காட்டில் ஆரம்பித்து 2029-இல் 72.5-ஐ எட்டுவது இங்குள்ள திட்டம். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரியில் தொடங்கியது, ஆனால் சந்தை இடர் பற்றிய பகுதியைத் தள்ளிவைத்தது. பிரிட்டன் 2027 ஜனவரிக்கு ஒத்திவைத்தது. அமெரிக்கா 2023 ஜூலையில் வெளியிட்ட வரைவு வங்கிகளின் கடும் எதிர்ப்பால் அதே வடிவில் நிறைவேறவில்லை. தாமதத்துக்கு அடிக்கடி சொல்லப்பட்ட காரணம் ஒன்று: மற்றவர்கள் தாமதிக்கிறார்கள், நம் வங்கிகள் மட்டும் ஏன் முன்னதாகச் சுமக்க வேண்டும்? ஒத்திசைவு கெடுவது பெரும்பாலும் விதியின் வாசகத்தில் அல்ல, அமலாகும் தேதியில்.

நீங்கள் பார்த்தால் போதும்

எல்லா விதியையும் ஒன்றாக்குவது நடக்காத காரியம். அதனால் இரண்டாவது வழி ஒன்று உண்டு: உங்கள் விதி வேறாக இருந்தாலும் பலன் ஒன்றுதான், நீங்கள் மேற்பார்வையிட்டால் போதும் என்று ஏற்பது. பாரத ஸ்டேட் வங்கியின் சிங்கப்பூர்க் கிளைக்குத் தனி மூலதன விகிதம் கிடையாது. கிளை என்பது தாய் வங்கியின் உடம்பில் ஓர் உறுப்பு, மூலதனம் மும்பையில் அளக்கப்படுகிறது. இங்குள்ள நாணய ஆணையம் ரிசர்வ் வங்கியின் மேற்பார்வையை நம்புகிறது.

ஆனால் அந்த நம்பிக்கைக்கு எல்லை உண்டு. உள்நாட்டு நிதி அமைப்புக்கு முக்கியமானது என்று ஆணையம் வகைப்படுத்திய வெளிநாட்டு வங்கி இங்கே பெரிய அளவில் சில்லறை வணிகம் செய்தால், அந்தப் பிரிவை இங்கேயே தனி நிறுவனமாகப் பதிவு செய்ய வேண்டும். சிட்டிபேங்க், எச்எஸ்பிசி, ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட், மேபேங்க் ஆகியவற்றின் உள்ளூர் நிறுவனங்களுக்குப் பின்னால் இந்தக் கணக்குதான் இருக்கிறது. தாய் வங்கி தடுமாறினாலும் இங்குள்ள மூலதனம் இங்கேயே நிற்கும். இன்னும் கடுமையான முடிவும் எடுக்கலாம். லக்சம்பர்க்கில் பதிவாகி லண்டனிலிருந்து இயங்கிய பிசிசிஐ வங்கிக்குச் சிங்கப்பூர் உரிமம் தர மறுத்தது. 1991 ஜூலையில் அந்த வங்கி பல நாடுகளில் ஒரே நேரத்தில் மூடப்பட்டபோது அந்த மறுப்பின் மதிப்பு தெரிந்தது.

நம்பிக்கை முறிந்தால் என்ன ஆகும் என்பதற்கு அண்மைக்கால உதாரணம் இந்தியாவிலேயே இருக்கிறது. பங்கு, நாணய ஒப்பந்தங்களில் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நடுவே நின்று உத்தரவாதம் தரும் தீர்வு நிறுவனங்கள் உண்டு. ஐரோப்பிய வங்கிகளின் இந்தியக் கிளைகள் இந்தியத் தீர்வு நிறுவனங்களைப் பயன்படுத்த, அந்த நிறுவனங்களை ஐரோப்பிய ஒன்றியத்தின் பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான எஸ்மா அங்கீகரித்திருக்க வேண்டும். அதற்கு எஸ்மா தகவலும் ஒத்துழைப்பும் கேட்டது. இந்திய நிறுவனத்தை வெளிநாட்டு அதிகாரி வந்து சோதிப்பதை ரிசர்வ் வங்கி ஏற்கவில்லை. 2022 அக்டோபர் இறுதியில் எஸ்மா ஆறு இந்தியத் தீர்வு நிறுவனங்களின் அங்கீகாரத்தை ரத்து செய்வதாக அறிவித்தது. அது 2023 ஏப்ரல் 30 முதல் அமலாகும் என்றது.

இதன் விலை என்ன என்பதை மேலே பார்த்த எடைக் கணக்கே சொல்லும். அங்கீகாரம் பெற்ற தீர்வு நிறுவனத்துடனான வணிகத்துக்கு எடை 2 விழுக்காடு. அங்கீகாரம் போனால், அதன் நெருக்கடி நிதியில் வங்கி போட்டிருக்கும் பணத்துக்கு மட்டும் எடை 1,250 விழுக்காடு. 1,250-ஐ 8 விழுக்காட்டால் பெருக்கினால் 100. ஒரு ரூபாய் போட்டால் ஒரு ரூபாய் மூலதனம் முடங்கும். இரு தரப்பும் தத்தம் சட்டப்படி நியாயமாகத்தான் பேசின. இடையில் மாட்டிக்கொண்டவை வங்கிகள். ஜெர்மனியும் பிரான்சும் தங்கள் வங்கிகளுக்கு 2024 அக்டோபர் வரை அவகாசம் கொடுத்துச் சமாளித்தன.

தேக்காவிலிருந்து தஞ்சாவூருக்கு 2,000 வெள்ளி

வங்கி மூலதனம் தொலைவில் தெரிந்தால், பணம் அனுப்பும் வழியில் இதே கதையைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம். சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில், சிராங்கூன் சாலையில் உள்ள பணம் அனுப்பும் கடைகள் 2020 ஜனவரி 28 முதல் அமலில் உள்ள கட்டணச் சேவைச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்றவை. அனுப்பும் தொகை 1,500 வெள்ளியைத் தாண்டினால், அனுப்புபவரின் பெயர், கணக்கு எண்ணோடு முகவரியோ அடையாள எண்ணோ பிறந்த தேதியும் இடமுமோ பரிவர்த்தனைச் செய்தியில் போக வேண்டும். எஃப்ஏடிஎஃப் இந்த வரம்பை 1,000 அமெரிக்க டாலர் வரை வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. உள்நாட்டு நாணயத்தில் அது என்ன தொகை என்பதை அந்தந்த நாடு முடிவு செய்யும்.

பணம் நடுவழியில் நிற்பதற்கு விதி வேறுபாட்டைவிடப் பெயர் வேறுபாடு அடிக்கடி காரணமாகிறது. தமிழ்ப் பெயர்களில் இது நன்றாகவே தெரியும். ஒருவரின் வேலை அனுமதி அட்டையில் முருகன் சுப்பையா. ஊரில் வங்கிக் கணக்கில் எஸ். முருகன். பான் அட்டையில் சுப்பையா முருகன். மூன்றும் ஒரே ஆள். கணினிக்கு அவை மூன்று ஆள்கள். தடைப் பட்டியலில் உள்ள யாருடைய பெயருடனாவது பாதி ஒத்துப்போனால் பரிவர்த்தனை நிறுத்தப்பட்டு, ஓர் ஊழியர் கையால் சரிபார்க்கும் வரை காத்திருக்கும். இரண்டு நாட்டிலும் ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு மன்றத்தின் அதே பட்டியல்தான். ஆனால் எத்தனை விழுக்காடு ஒத்துப்போனால் நிறுத்துவது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தானே வைத்துக்கொள்கிறது. ஊருக்குப் பணம் அனுப்புபவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு: பெறுநரின் பெயரைக் கூப்பிடும் பெயராக அல்லாமல், வங்கிப் புத்தகத்தில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து, முன்னெழுத்து முன்னாலா பின்னாலா என்பது உட்பட, அப்படியே கொடுப்பது. 2025 ஜூனில் எஃப்ஏடிஎஃப் திருத்திய விதி பெயரும் கணக்கும் பொருந்துகின்றனவா என்று சோதிப்பதையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. நாடுகளுக்கு 2030 இறுதி வரை அவகாசம்.

சிங்கப்பூரின் பேநவ், இந்தியாவின் யுபிஐ என்ற இரு உடனடிப் பணப் பரிமாற்ற அமைப்புகளின் இணைப்பைப் பார்த்தால், குழாயை இணைப்பதற்கும் விதியை இணைப்பதற்கும் உள்ள தூரம் புரியும். 2021 செப்டம்பரில் அறிவித்தபோது இலக்கு 2022 ஜூலை. தொடங்கியது 2023 பிப்ரவரி 21. நொடியில் பணம் போய்விடும் அமைப்பில், யார் எந்தக் கட்டத்தில் பெயரைச் சோதிப்பது, தவறாகப் போனால் யார் திருப்புவது, என்ன நோக்கத்துக்கு அனுப்பலாம் என்பதையெல்லாம் முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும். அதனால்தான் இந்தியப் பக்கம் ஆரம்பத்தில் நாளொன்றுக்கு 60,000 ரூபாய், அன்றைக்குச் சுமார் 1,000 வெள்ளி என்ற வரம்பு வைத்தார்கள். அதுவும் உறவினர் பராமரிப்புக்கும் அன்பளிப்புக்கும் மட்டும். இந்தியாவிலிருந்து அனுப்ப முதலில் சேர்ந்த நான்கு வங்கிகளில் இரண்டு, இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டவை.

இடைவெளியில் குடியேறுபவர்கள்

இரு நாட்டு விதிகளுக்கு நடுவே சந்து இருந்தால் அங்கே ஒரு தொழில் முளைக்கும். சிங்கப்பூரில் அலுவலகம் வைத்துக்கொண்டு, வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு மட்டும் கிரிப்டோ போன்ற மின்னிலக்கச் சொத்துச் சேவை தரும் நிறுவனங்கள் நீண்டகாலம் அப்படி இருந்தன. உள்ளூர் வாடிக்கையாளர் இல்லாததால் இங்கே உரிமம் தேவையில்லை, அலுவலகம் இங்கே இருப்பதால் வாடிக்கையாளரின் நாட்டுக்குக் கை எட்டாது. 2025 ஜூன் 30 முதல் அப்படிப்பட்ட நிறுவனங்களுக்கும் உரிமம் கட்டாயம். நாணய ஆணையம் அந்த உரிமத்தைப் பொதுவாகத் தரப்போவதில்லை என்றும் சொல்லிவிட்டது. சந்தை போய்விடும் என்று முணுமுணுப்பு எழுந்தது. போனால் போகட்டும் என்பதே ஆணையத்தின் நிலை. சிங்கப்பூரின் பெயரை வாடகைக்கு எடுத்து வெளியே விற்கும் தொழிலை இழப்பதில் பெரிய நட்டம் எதுவும் இல்லை.

விதி இருந்தும் செயல்படாத இடைவெளியும் உண்டு. 2023 ஆகஸ்ட்டில் பத்து வெளிநாட்டவர் கைதான கள்ளப்பண வழக்கில் சிக்கிய சொத்து 3 பில்லியன் வெள்ளி. அவர்களில் பலரிடம் பல நாட்டுக் கடவுச்சீட்டுகள் இருந்தன. வாடிக்கையாளரின் செல்வம் எங்கிருந்து வந்தது என்று விசாரிக்க வேண்டும் என்ற விதி ஏற்கெனவே இருந்தது, எஃப்ஏடிஎஃப் தரத்துக்கும் குறையவில்லை. வங்கிகள் அதைச் சரிவரச் செய்யவில்லை. 2025 ஜூலையில் ஒன்பது நிதி நிறுவனங்களுக்கு மொத்தம் 27.45 மில்லியன் வெள்ளி அபராதம் விழுந்தது. தரநிலைப் பட்டியலில் நல்ல மதிப்பெண் வாங்கிய நாட்டிலேயே இது நடந்தது என்பதை, அந்த மதிப்பெண்களைப் படிக்கும்போது நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஒத்திசைக்காமல் விட்டவை

வைப்புத்தொகைக் காப்புறுதிக்குப் பொதுவான கொள்கைகள் உண்டு, பொதுவான தொகை இல்லை. சிங்கப்பூரில் ஒரு வங்கியில் ஒருவருக்கு 100,000 வெள்ளி வரை காப்பு. 2024 ஏப்ரலுக்கு முன் அது 75,000. இந்தியாவில் 5 லட்சம் ரூபாய். மலேசியாவில் 250,000 ரிங்கிட். இந்திய வங்கியின் சிங்கப்பூர்க் கிளையில் போட்ட சிங்கப்பூர் வெள்ளிக்கு, அந்தக் கிளை இங்குள்ள திட்டத்தின் உறுப்பினராக இருந்தால், சிங்கப்பூர்க் காப்பு பொருந்தும். அதே கிளையில் அமெரிக்க டாலராக வைத்த வைப்புக்கு இங்கே காப்பு கிடையாது. அதே வங்கியின் தமிழ்நாட்டுக் கிளையில் வைத்த வெளிநாடுவாழ் இந்தியர் கணக்குக்கு இந்திய வரம்புதான். கணக்குத் திறக்கும்போது வட்டி விகிதத்தைக் கேட்பவர்கள், எந்த நாட்டுத் திட்டம், எந்த நாணயத்துக்கு, எவ்வளவு வரை என்ற மூன்றையும் சேர்த்தே கேட்கலாம். திட்டத்தில் சேர்ந்த வங்கிகளின் பெயர்ப் பட்டியல் சிங்கப்பூர் வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகத்தின் இணையத்தளத்தில் இருக்கிறது.